ஓடும் காரில் ஆடாத திரை: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டப் போகிறவர்களுக்கு

பழைய காரில் இருக்கும் சின்ன ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை மாட்டலாம் என்று நினைக்கிறீர்களா? எந்த மாடலில் பாஸ் நன்றாகக் கேட்கும், எதில் படம் பளிச்சென்று தெரியும் என்று சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். கார் ஓடும்போது அந்தத் திரையைச் சும்மா இருக்க வைப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை. கடை கடையாகக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன், உங்களுக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

பிரச்சினை இதுதான். இந்தப் பெட்டிகளில் பாட்டுப் போட்டால் பாட்டு மட்டும் வராது. தாளத்துக்கு ஏற்ப வண்ணப் பட்டைகள் ஏறி இறங்கும். இசைத்தட்டு மாதிரி ஒன்று நடுவில் சுழலும். பாடல் வரிகள் ஊர்ந்து போகும். நிற்கும் காரில் பார்க்க அழகுதான். ஓடும் காரில், நீங்கள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாலும், ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் கண் தானாக அங்கே ஓடும். "நான் பார்க்க மாட்டேன்" என்ற உறுதியெல்லாம் இதில் செல்லாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண்ணை எடுத்தால் கார் 33 மீட்டர் போயிருக்கும். 100இல் போனால் 55 மீட்டருக்கு மேல். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் காருக்குள் இருக்கும் கருவிகளுக்கு இந்த 2 நொடியைத்தான் அளவாக வைக்கிறது. ஓட்டுவதற்குச் சம்பந்தமில்லாத வீடியோவும் தானாக நகரும் எழுத்தும் வண்டி ஓடும்போது திரையில் வரவே கூடாது என்பது அதன் பரிந்துரை. நம்மூர்க் கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் இரண்டுமே தாராளமாக வரும்.

1. எந்த வகைத் திரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சந்தையில் மூன்று வகை உண்டு. கார் கம்பெனியே கொடுக்கும் திரை, பெயர் பெற்ற ஆடியோ பிராண்டுகளின் திரை, அப்புறம் கடைக்காரர்கள் "ஆண்ட்ராய்டு" என்று பொதுவாகச் சொல்லும் பெட்டி.

கம்பெனி திரை ஏற்கெனவே இருந்தால் அதை மாற்றாதீர்கள். வண்டி நகர்ந்தால் வீடியோ நிற்கும்படி பெரும்பாலும் அதிலேயே ஏற்பாடு இருக்கும். இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களிடம் கடைக்காரர் "ஏஐ பாக்ஸ்" என்று உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் காட்டுவார். யூஎஸ்பி பாயின்ட்டில் செருகினால் போதும், கம்பெனி திரையிலேயே ஓடிக்கொண்டே யூடியூப் பார்க்கலாம் என்பார். கம்பெனி போட்டு வைத்த பூட்டைத் திறப்பதற்குத்தான் அந்தக் காசு. வேண்டாம்.

பிராண்டு திரைகளின் வசதிகள் குறைவு, விலை கூடுதல். ஆனால் ஹேண்ட்பிரேக் வயரைச் சரியாகக் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டுப்படும். ஆண்ட்ராய்டு பெட்டி என்பது டேஷ்போர்டில் பதித்த டேப்லெட். எந்த ஆப்பையும் ஏற்றலாம், எல்லாமே ஆடும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றித்தான், ஏனென்றால் விலையைப் பார்த்து நம்மில் அதிகம் பேர் வாங்குவது அதைத்தான்.

2. கடைக்குப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்சி நகல் ஒன்று. கார் எந்த வருடம், எந்த வேரியன்ட் என்று தெரிந்தால்தான் சரியான ஃபிரேமும் (திரையை டேஷ்போர்டில் பொருத்தும் சட்டம்) கப்ளரும் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பான்) எடுக்க முடியும். ஒரே பெயரில் வரும் காருக்குக்கூட வருடத்தைப் பொறுத்து ஃபிரேம் மாறும். இன்சூரன்ஸ் பாலிசி நகல் ஒன்று. டேஷ்போர்டை ஒரு ஃபோட்டோ, ஸ்டியரிங்கில் பட்டன் இருந்தால் அதை ஒரு ஃபோட்டோ.

கார் இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வயரை வெட்டி ஒட்டினால் மின்சாரக் கோளாறு எதற்கும் வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிடுவார்கள். அதனால் "கப்ளர் டு கப்ளர்தான் வேணும், ஒரு வயரும் வெட்டக் கூடாது" என்பதை ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டுப் போவது நல்லது.

ஆர்டிஓ அலுவலகம் பக்கம் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஸ்டீரியோ மாற்றினால் ஆர்சியில் இருக்கும் எந்த விவரமும் மாறாது.

3. செலவு எவ்வளவு ஆகும்

சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நடை விசாரித்துவிட்டு உங்கள் ஏரியா கடையில் பேரம் பேசுங்கள். நான் விசாரித்த வரையில் 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு உள்ள பெட்டி சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய். 4 ஜிபி, 64 ஜிபி என்றால் 14,000 முதல் 20,000 வரை. ஃபிரேமுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றி, கப்ளர் செட்டுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு, ரிவர்ஸ் கேமரா வேண்டுமென்றால் இன்னொரு ஆயிரத்துச் சொச்சம், மாட்டும் கூலி தனி. ஊருக்கு ஊர் இது மாறும். சொல்லும் விலையில் கூலியும் கப்ளரும் அடக்கமா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

2 ஜிபி பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. நேவிகேஷனும் பாட்டும் சேர்ந்து ஓடினால் திணறும். பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, மறுபடி தொடுவீர்கள், ஏன் வரவில்லை என்று உற்றுப் பார்ப்பீர்கள். மெதுவான திரையும் கண்ணைக் கட்டிப்போடும். முடிந்தால் 4 ஜிபி எடுங்கள்.

மாட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் அவசரமாக மாட்டும்போது முதலில் விடுபடுவது நான் அடுத்துச் சொல்லப்போகும் வயர்கள்தான்.

4. இரண்டு வயர்கள்: பக்கத்திலேயே நின்று பாருங்கள்

பெட்டிக்குப் பின்னால் இருபது வயர் தொங்கும். மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. இவற்றைக் கொடுக்காமல் பெட்டி ஓடாது என்பதால் யாரும் விடமாட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு.

முதலாவது ஹேண்ட்பிரேக் வயர். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "பிரேக்" அல்லது "பார்க்கிங்" என்று போட்டிருக்கும். நிறம் பிராண்டுக்கு பிராண்டு மாறும், ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும். இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஹேண்ட்பிரேக் லீவருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. லீவரைத் தூக்கினால் அது எர்த் ஆகி, மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். ஸ்டீரியோவின் வயரையும் அந்த சுவிட்ச் வயரோடு சேர்த்தால், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போது மட்டும் வீடியோ ஓடும். லீவரை இறக்கினால் திரை கறுத்து ஓர் எச்சரிக்கை வரும்.

கடைகளில் நடப்பது என்ன? லீவர் வரை வயர் இழுக்கச் சோம்பல் பட்டு, அந்த வயரை ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே எர்த்தில் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் நெடுஞ்சாலையில் பறந்தாலும் கார் நிற்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். நான் மாட்டிய கடையில் லீவருக்குக் கொடுக்கச் சொன்னதும் அந்தத் தம்பி கையில் டேப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், எல்லாரும் இதை எர்த் பண்ணிக் குடுங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க உல்டாவா கேக்குறீங்க."

"கேக்குறேன் தம்பி, இழுத்துக் குடுங்க."

"கன்சோலைக் கழட்டணும் சார். எக்ஸ்ட்ரா ஆகும்."

கன்சோலைக் கழற்ற நான்கைந்து ஸ்க்ரூ. கூடுதலாக 300 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். உங்களிடமும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பட்டனில் இயங்கும் மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் இந்த இணைப்பு இவ்வளவு எளிதாக இருக்காது. உங்கள் காரின் கேன்பஸ் டிகோடர் (காரின் மின்னணுத் தகவலைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றும் சின்னக் கருவி) பார்க்கிங் தகவலைப் பெட்டிக்குக் கொடுக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்டிக்கரில் "ஐஎல்எல்" என்று போட்டிருக்கும் வயர். முகப்பு விளக்கைப் போட்டவுடன் திரையின் ஒளியைக் குறைப்பதற்கு இது. பலர் இதைக் கொடுப்பதே இல்லை. ஒன்பது அங்குலத் திரை முழு வெளிச்சத்தில் எரிய, இரவில் விழுப்புரம் தாண்டி இருட்டுச் சாலையில் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இதற்குத் தனிக் கூலி கேட்டால் மட்டும் பேரம் பேசலாம், பெரும்பாலும் கப்ளரிலேயே இணைப்பு வந்திருக்கும்.

ஸ்டியரிங் பட்டன் இருந்தால் அதன் வயர்களையும் இணைக்கச் சொல்லி, சத்தம் கூட்ட, குறைக்க, அடுத்த பாட்டு, மியூட் நான்கையும் பெட்டிக்குப் பழக்கிவிடச் சொல்லுங்கள். கை திரைக்குப் போவது அதோடு பாதி குறையும்.

5. செட்டிங்கில் அணைக்க வேண்டியவை

வயர் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கார் செட்டிங்ஸ் என்ற பகுதியில் ஓட்டும்போது வீடியோ பார்க்க அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று பல பெட்டிகளில் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். சிலவற்றில் அனுமதி என்றும் சிலவற்றில் தடை என்றும் இருப்பதால் படித்துப் பார்த்து மாற்றுங்கள். அது திறந்திருந்தால் ஹேண்ட்பிரேக் வயர் கொடுத்தும் பயனில்லை. சில பெட்டிகளில் இது ஃபேக்டரி செட்டிங்குக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே போக எண் கேட்கும். அந்த எண்ணைக் கடைக்காரரிடம் வாங்கி பில்லின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே உள்ள மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒன்றை மாற்றப் போய் தொடுதிரையே வேலை செய்யாமல் போகக்கூடும்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. ஹேண்ட்பிரேக் பூட்டு பெரும்பாலும் பெட்டியோடு வந்த வீடியோ பிளேயரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் தனியாக ஏற்றிய யூடியூப் போன்றவை அதற்குக் கட்டுப்படாமல் ஓடும். பாட்டு ஆப்பில் ஆடும் வண்ணப் பட்டைகளோ பூட்டின் கணக்கிலேயே வராது. ஆகவே ஒவ்வொன்றாகக் கையால்தான் அணைக்க வேண்டும்.

பெட்டியோடு வந்த மியூசிக் ஆப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரம், விஷுவல், தீம் என்று எது இருந்தாலும் அணையுங்கள். அணைக்க வழியே இல்லையென்றால் அந்த ஆப்பைக் கைகழுவிவிட்டு, படம் அசையாமல் நிற்கும் எளிய பிளேயர் ஒன்றை ஏற்றுங்கள். எஃப்எம் ரேடியோ திரையிலும் சில பெட்டிகளில் அலை ஆடும், அதையும் பாருங்கள். ஓடும் வால்பேப்பரை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வைக்கலாம். மிதக்கும் பாடல் வரி, ஸ்கிரீன்சேவர் கடிகாரம், பக்கவாட்டுப் பட்டன்களில் நிறம் மாறி மாறி எரியும் விளக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பட்டன் விளக்குக்கு ஒரே நிறம் வைக்க முடியும். சிவப்போ மங்கலான மஞ்சளோ இரவில் உறுத்தாது. யூடியூப் ஐகானை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆப்பையே நீக்கினால் இன்னும் உத்தமம்.

பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டிலும் முனகினார்கள். பின் சீட்டில் இருப்பவர்களுக்குப் படம் வேண்டுமென்றால், முன் சீட்டின் பின்பக்கம் டேப்லெட்டை மாட்ட ஹோல்டர் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் மாட்டுங்கள். இரவில் உள்கண்ணாடியில் அதன் வெளிச்சம் அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஓட்டும்போது ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே

மேலே சொன்ன அத்தனையையும் ஒரே வேலையில் பாதியாகக் குறைக்கும் வழி இது. ஃபோனைப் பெட்டியோடு இணைத்து, ஃபோனின் பாட்டு, மேப் ஆப்களைக் காருக்கேற்ற எளிய வடிவில் திரையில் காட்டும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோவையோ, ஐஃபோன் என்றால் ஆப்பிளின் கார்பிளேயையோ ஓட விடுவது. இந்தப் பெட்டிகளில் ஜிலிங்க், டிலிங்க் என்று அதற்கொரு ஆப் இருக்கும். வண்டியை எடுத்ததும் அது தானாகத் திறக்கும்படி செட்டிங்கில் வைத்துவிடலாம். பாட்டு ஆப்கள் காரின் திரையில் அசையும் படம், வீடியோ, தானாக ஓடும் எழுத்து காட்டக் கூடாது என்று கூகுள் தன் கார் ஆப் விதிகளில் வைத்திருக்கிறது. அதனால் ஆல்பத்தின் படம் அசையாமல் நிற்கும், கீழே நான்கு பட்டன், அவ்வளவுதான். வாங்கும்போதே வயர்லெஸ் இணைப்பு வேலை செய்கிறதா என்று உங்கள் ஃபோனை வைத்தே சோதித்து வாங்குங்கள். கடைக்காரரின் ஃபோனில் எல்லாம் வேலை செய்யும்.

இதை மாட்டிவிட்டோம் என்று திரையைத் தடவிக்கொண்டே ஓட்டவும் முடியாது. பிரிட்டனில் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டிஆர்எல் ஆய்வு நிறுவனம் 2020இல் செய்த சோதனையில், இந்த இரண்டையும் தொட்டு இயக்கியவர்களின் கண் 16 நொடி வரை சாலையை விட்டு விலகியிருந்தது. பாட்டு வரிசையை வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் மாற்ற வேண்டுமென்றால் குரலில் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். குரல் சரியாக விழ, பெட்டியோடு வரும் தனி மைக்கை ஓட்டுநர் பக்கக் கண்ணாடித் தூணில் ஒட்டச் சொல்லுங்கள். கடையில் அதை டேஷ்போர்டுக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடுவது வழக்கம்.

7. திரை இல்லை, ஸ்டாண்டில் ஃபோன்தான் என்றால்

ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பின்னால் 3 முதல் 8 நொடி வீடியோ ஒன்று திரும்பத் திரும்ப ஓடும். அதற்குக் கேன்வாஸ் என்று பெயர். செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள். ஐஃபோனில் ஆப்பிள் மியூசிக் என்றால் அனிமேட்டட் ஆர்ட் என்பதை ஆஃபில் வையுங்கள். யூடியூப் மியூசிக்கில் மேலே பாட்டு, வீடியோ என்று இரண்டு இருக்கும், பாட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்ததும் மேப்பைத் திறந்து வைத்துவிட்டால் பாட்டுத் திரை கண்ணில் படாது.

8. கடையை விட்டுக் கிளம்பும் முன்

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், சமமான தரையில், கியரை நியூட்ரலில் வைத்து, காலைப் பிரேக்கில் அழுத்தியபடி சோதியுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு பென்டிரைவிலிருந்து ஒரு வீடியோ ஓட விடுங்கள். லீவரை இறக்குங்கள். படம் நின்றால் வயர் சரி. நிற்கவில்லையென்றால் முதலில் செட்டிங், அப்புறம் வயர் என்று பார்க்கச் சொல்லுங்கள். முகப்பு விளக்கைப் போட்டுத் திரை மங்குகிறதா, ரிவர்ஸ் கியர் போட்டுக் கேமரா வருகிறதா, கியரை எடுத்ததும் பழைய திரைக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள். "வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார், எதுனா இருந்தா வாங்க" என்றால் எழுந்திருக்காதீர்கள். டேஷ்போர்டைத் திரும்பக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கிளிப் ஒன்று உடையும், அப்புறம் குண்டு குழியில் எல்லாம் கடகடவென்று சத்தம் வரும்.

ஜிஎஸ்டி எண் போட்ட பில், அதில் பெட்டியின் சீரியல் எண், கடை முத்திரையோடு வாரண்டி அட்டை, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்டீரியோவையும் ஃபிரேமையும் கடையில் விட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போதோ பெட்டி ரிப்பேருக்குப் போகும்போதோ தேவைப்படும்.

9. இன்சூரன்ஸில் சேர்ப்பது

பின்னால் மாட்டிய ஸ்டீரியோ உங்கள் பாலிசியில் தானாகச் சேராது. திருடு போனாலோ விபத்தில் உடைந்தாலோ அதற்குப் பணம் வராது. பில் நகலோடு ஏஜென்டிடமோ கம்பெனியிடமோ கொடுத்து, மின் உபகரணங்கள் என்ற பிரிவில் ஐஎம்டி 24 எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு) கேளுங்கள். வழக்கமான கணக்கு பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 15,000 ரூபாய் பெட்டிக்கு வருடம் 600, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 708 ரூபாய். நடுவில் சேர்த்தால் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் வாங்குவார்கள், சில சமயம் காரைப் பார்க்க ஆள் வருவார். புதுப்பிக்கும் தேதி பக்கத்தில் இருந்தால் அப்போதே சேர்ப்பது அலைச்சல் இல்லாத வழி. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

10. அபராதம்

2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, வழி காட்டுவதற்குத் தேவையானதைத் தவிர வேறு வீடியோ எதையும் ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது பார்க்கக் கூடாது. இந்த ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை. ஃபோனைக் கையில் பிடித்து நோண்டினால் அது 184ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டியதாகக் கணக்கு. முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, ஃபோனைப் பயன்படுத்த விதியில் இடம் இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு: 8ஆம் பகுதியில் சொன்ன ஹேண்ட்பிரேக் சோதனையை இன்றைக்கே வீட்டு வாசலில் செய்து பாருங்கள். லீவரை இறக்கியும் செட்டிங்கை மாற்றியும் படம் நிற்கவில்லையென்றால் வயர் பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கும். மாட்டிய கடைக்கே போக வேண்டும் என்றில்லை, எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் செய்யும் வேலைதான். ஹேண்ட்பிரேக் சுவிட்ச் வயரிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு லைன் இழுக்க வேண்டும் என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.